விற்கப்போகும் பழைய வாட்சுக்குப் பாலீஷ் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலமான அப்பாவின் பழைய ஓமேகா வாட்ச் ஓடாமல் அலமாரியில் கிடக்கிறது, பழுதுபார்த்து டயலையும் புதிதாக்கிப் பாலீஷ் போட்டு விற்றால் நல்ல விலை கிடைக்குமா என்று கோலாலம்பூர் வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். பதில் எழுதியவர்கள் "முதலில் ரிப்பேர் செய்யுங்கள், ஓடாத வாட்சை யார் வாங்குவார்" என்றே சொல்லியிருந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் விற்பதற்கென்று செய்யும் ரிப்பேர் பெரும்பாலும் விற்பவருக்கு நஷ்டம், சில சமயம் வாட்சுக்கே நாசம். அவர் இன்னும் கடைக்குப் போகாமல் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் டயல். பழைய வாட்சின் விலையில் பெரும்பங்கு டயலில்தான் இருக்கிறது. மஞ்சளடித்துப் போயிருந்தாலும், ஓரத்தில் புள்ளி விழுந்திருந்தாலும், கம்பெனியில் அச்சடித்த அதே எழுத்து அதே இடத்தில் இருந்தால் சேகரிப்பவர் விரும்பி வாங்குவார். அதைச் சுரண்டிவிட்டு மேலே புது பெயின்ட் அடித்தால் எழுத்தின் தடிமன் மாறிவிடும், நிமிடக் கோடுகள் தள்ளிப்போகும், ஆறு மணிக்குக் கீழே இருக்கும் 'சுவிஸ் மேட்' என்ற சின்ன எழுத்து சில நேரம் காணாமலே போய்விடும். விவரம் தெரிந்தவர் பூதக்கண்ணாடியில் பார்த்த உடனே கண்டுபிடித்து விலையைக் குறைப்பார். என் சித்தப்பாவின் டைட்டோனி வாட்சுக்கு நடந்தது இதுதான். ரிப்பேருக்குக் கொடுத்தபோது கேட்காமலேயே டயலுக்குப் பெயின்ட் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள், சித்தப்பாவும் புதுசு போல இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார், விற்கப் போனபோது வாங்க வந்தவர் டயலைப் பார்த்துவிட்டு வாட்சை மேசைமேல் வைத்துவிட்டார். அந்தக் கடைமேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

பாலீஷும் அப்படித்தான். மெஷினில் கொடுத்துத் தேய்த்தால் கீறல் போகும், கூடவே கூர்மையான விளிம்பும் போகும், வார் மாட்டும் நான்கு முனைகளும் மழுங்கிவிடும். போன உலோகத்தைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. பழைய நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் நாணயம் சேர்ப்பவர் தொடமாட்டார் அல்லவா, இங்கேயும் அதே கதைதான். பின்மூடியில் வேலை ஓய்வுக்கோ கல்யாணத்துக்கோ பெயர் பொறித்துக் கொடுத்திருந்தால் அதையும் அழிக்கக் கூடாது.

சரி, வாட்சுக்குள் இருக்கும் மெஷின் ஓடவில்லையே, அதையாவது சரி செய்யலாமா? இங்கேதான் கணக்குப் போட வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஓடாத நிலையில் 800 வெள்ளிக்கு (ரிங்கிட்) கேட்கிறார்கள், ஓடினால் 1,100 வெள்ளி கிடைக்கும், சர்வீசுக்கு 500 வெள்ளி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 போட்டு 300 எடுக்கிறோம், அவ்வளவுதான். வாங்குபவர் சேகரிப்பவராக இருந்தால் தனக்கு நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து மறுபடி ஒருமுறை பிரித்துத்தான் பார்ப்பார், நாம் செய்த சர்வீசுக்கு அவரிடம் பெரிய மதிப்பு இருக்காது. சைகோ 5 மாதிரி லட்சக்கணக்கில் விற்ற சாதாரண மாடல்களில் சர்வீஸ் செலவே வாட்சின் விலையைத் தாண்டிவிடக்கூடும். விலை உயர்ந்த மாடல் என்றால் கணக்கு மாறலாம், அதனால்தான் முதலில் என்ன மாடல் என்று தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். சைகோவில் பின்மூடி எண்ணைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், சீரியல் எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். ஓமேகாவுக்குப் பின்மூடியைத் திறந்து மெஷினில் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் தாமதிக்காதீர்கள், அது துரு. நம் பினாங்கு ஈரக் காற்றில், ரப்பர் வளையம் காய்ந்துபோன பழைய வாட்சுக்குள் ஈரம் சுலபமாக இறங்கிவிடும். கண்ணாடியின் உள்பக்கம் பனி மாதிரி படிந்தாலோ, சாவி திருகும் இடத்தில் செந்நிறம் தெரிந்தாலோ, விற்றாலும் வைத்துக்கொண்டாலும் உடனே திறந்து சுத்தம் செய்ய வேண்டும், ஏனென்றால் துரு நாம் முடிவெடுக்கும்வரை காத்திருக்காது. பேட்டரி வாட்சாக இருந்தால் செத்த பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், அது ஒழுகினால் உள்ளே எல்லாம் போச்சு.

"ஓடுதா பார்க்கிறேன்" என்று தினமும் சாவி கொடுப்பதையும் நிறுத்துங்கள். பல வருடம் கிடந்த மெஷினில் எண்ணெய் காய்ந்திருக்கும், அந்த நிலையில் ஓட விட்டால் சக்கரங்களின் அச்சு தேயும். அப்புறம், 1970களுக்கு முந்தைய வாட்சில் இருட்டில் ஒளிரும் எண்களுக்கு ரேடியம் பூசியிருக்கலாம். ஒளி போயிருந்தாலும் கதிர்வீச்சு போகாது, ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடம் ஆகும். அப்படிப்பட்ட வாட்சை வீட்டில் திறக்கவோ, டயலைச் சுரண்டவோ, தூளை ஊதவோ கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் தேவை.

எங்கள் அப்பா பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், அவருடைய ஓமேகா சீமாஸ்டர் நாங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவாக வந்தது. விற்பதா வேண்டாமா என்பதைவிட ரிப்பேர் செலவை யார் போடுவது என்பதில்தான் பேச்சு நீண்டது. கடைசியில் இருக்கிற நிலையிலேயே இரண்டு இடத்தில் விலை கேட்டோம், அந்த விலையைத் தம்பி ஏற்றுக்கொண்டு எனக்கும் அக்காவுக்கும் பங்கைக் கொடுத்துவிட்டான், ரிப்பேர் இனி அவன் பாடு. கட்டிக்கொள்ளப் போகிறவன் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. அவனிடமும் சொல்லித்தான் கொடுத்தேன்: டயலைத் தொடாதே, பாலீஷ் வேண்டாம், மாற்றும் பழைய பாகத்தை எல்லாம் திருப்பிக் கேள், இதையெல்லாம் ரசீதில் எழுதி வாங்கு.

ஆகவே அந்த வாசகர் தூசியைத் துணியால் துடைத்து, டயலும் பின்மூடியும் தெளிவாகத் தெரிய நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, பெட்டி, உத்தரவாத அட்டை, வாங்கிய ரசீது, அப்பா அதைக் கட்டிக்கொண்டு நிற்கும் பழைய போட்டோ என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து, "ஓடவில்லை, பழுதுபார்க்கப்படவில்லை" என்று உள்ளபடி சொல்லி விற்கட்டும். பினாங்கின் லோரோங் கூலிட் மாதிரி பழைய பொருள் பசாரில் முதலில் கேட்கும் ஆளிடமோ, அடகுக் கடையில் சொல்லும் முதல் விலைக்கோ கொடுத்துவிட வேண்டாம்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். சாவி கொடுக்கும் வாட்சைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பெரியவர்கள் ஜோர்ஜ் டவுனிலும் தலைநகரிலும் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைத் தேடி ஒரு பேட்டி போடுங்கள், எந்த வேலையைச் செய்ய வேண்டும் எதைச் செய்யக் கூடாது என்று அவர்கள் வாயாலேயே வாசகர்கள் கேட்கட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி, பட்டர்வொர்த்