தடுப்புச் சுவர்ப் பணி: திட்டம், வேலை, செலவு மூன்றையும் மாதந்தோறும் அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சிறு தேயிலை விவசாயிகள், கோத்தகிரி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊருக்கு மேலே மண் சரிந்த சாலை வளைவில் தடுப்புச் சுவர் கட்டும் பணி கடந்த ஜனவரியில் தொடங்கியது. நீளம் 60 மீட்டர், காலம் 6 மாதம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. கெடு கடந்துவிட்டது. சென்ற வாரம் பக்கத்துத் தோட்டக்காரரும் நானும் டேப் பிடித்து அளந்தோம். எழும்பி நிற்பது 22 மீட்டர்தான். நீர் வடியப் பதித்த குழாய்களில் மூன்றின் வாய் சிமெண்ட் கலவையால் அடைபட்டிருக்கிறது. பின்னால் ஊறும் தண்ணீர் வெளியேறாவிட்டால் மண்ணோடு சேர்ந்து அதுவும் சுவரைத் தள்ளும். கொழுந்து ஏற்றும் வண்டி அந்த வளைவைத் தாண்டுவதில்லை. பெண்கள் மூட்டையைத் தலையில் சுமந்து கடக்கிறார்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் கேட்டோம். “பாதிக்கு மேல் பில் போட்டாகிவிட்டது, வேலை நடக்கிறது” என்றார்கள். எவ்வளவு பணம் போனது என்பதுதான் அதில் தெரிகிறது. அந்தப் பணத்துக்கு எத்தனை மீட்டர் சுவர் எழுந்தது என்பது தெரியவில்லை. யார் மீதும் குற்றம் சொல்ல வரவில்லை ஐயா. அஸ்திவாரத்தை எதிர்பார்த்ததைவிட ஆழமாகத் தோண்ட நேர்ந்திருக்கலாம். மலையேறி வரும் ஜல்லிக்கு லாரி வாடகையும் கூடியிருக்கலாம். அப்படியானால் அதை எழுத்தில் காட்டினால் ஏற்றுக்கொள்வோம்.

ஆகவே, இன்றைய தேதிக்குத் திட்டப்படி முடிந்திருக்க வேண்டிய வேலை, முடிந்த வேலையைப் பொறியாளர்கள் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவான வேலை, அந்த வேலைக்கு மதிப்பீட்டில் கண்ட தொகை, இதுவரை வழங்கிய தொகை ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி, மாதந்தோறும் பணியிடப் பலகையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டச் செய்ய வேண்டுகிறோம். திட்டங்கள், உத்தேசச் செலவு, வழங்கிய தொகை ஆகியவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. தாமதத்துக்கான காரணமும் புதிய முடிவுத் தேதியும் அக்டோபர் 2 கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்.

அடைபட்ட குழாய்களை மட்டும் அதற்கு முன்பே, இந்த வாரத்திலேயே திறந்துவிட உத்தரவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. 2009 நவம்பர் மழையில் இம்மாவட்டத்தில் மண்சரிவு 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்த வளைவுக்கு நேர் கீழே எங்கள் வீடுகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஊர் மக்கள் சார்பில்,
சிறு தேயிலை விவசாயி

இணைப்பு: பணியிடப் புகைப்படங்கள், ஊர் மக்கள் கையொப்பங்கள்.