ஜம்போவைப் ‘பகட்டு’ என்று தள்ளிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிய நகரங்களின் அலங்கார உணவகங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையில், ஹாங்காங்கின் ஜம்போ மிதக்கும் உணவகத்துக்கு இரண்டே வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள். பகட்டு அதிகம், சாப்பாடு சுமார், சுற்றுலாப் பயணிகளுக்காகப் போட்ட சினிமா செட் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். குடும்பத்தோடு அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். எனக்கு அந்த இரண்டு வரியும் வருத்தமாக இருந்தது.

ஜம்போ எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. ஹாங்காங் தீவின் தென்கரையில் இருக்கும் அபர்டீன் துறைமுகத்தில், தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் உண்டு. கல்யாணம் என்றால் விருந்துக்கென்றே அலங்கரித்த பெரிய படகை அமர்த்துவார்கள். அந்த விருந்துப் படகுகள்தான் மெல்ல மெல்ல மிதக்கும் உணவகங்களாக வளர்ந்தன. ஜம்போவுக்குப் பக்கத்திலேயே நின்ற தை பாக் என்ற மிதக்கும் உணவகம் அதற்கு மூத்தது. சிவப்பும் பொன்னும் டிராகனும் அன்னியரை மயக்க யாரோ பின்னால் கொண்டுவந்து ஒட்டிய சரக்கு அல்ல. கல்யாண விருந்தில் அவை ஏற்கெனவே இருந்தன. ஜம்போவைக் கட்டியவர்கள் சுற்றுலாப் பயணிகளையும் மனத்தில் வைத்துத்தான் கட்டினார்கள், மறுக்கவில்லை. ஆனால் வேர் மீனவர் வீட்டு விசேஷத்தில் இருக்கிறது.

அது எளிதாக எழும்பியதும் இல்லை. முதலில் திறக்க இருந்ததற்குக் கொஞ்சம் முன்பு, 1971 அக்டோபர் 30 அன்று, தீப்பற்றி 34 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு தொழிலதிபர் ஸ்டான்லி ஹோவும் கூட்டாளிகளும் அதை எடுத்து, 3 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டி, 1976இல் திறந்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது.

இனி அந்தப் பகட்டுக்கு வருகிறேன். கரையிலிருந்து சின்னப் படகில் அழைத்துப் போவார்கள். உள்ளே விருந்துக் கூடத்தில் பொன்வண்ண அரியணை ஒன்று இருந்தது. அரச உடை மாட்டிக்கொண்டு அதில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் போயிருந்தபோது ஒரு முதியவர், மடியில் பேரனை வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தார். கேமராவைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார். பேரனின் கையையும் சரியாக எடுத்து வைத்தார். சீன மன்னராட்சியின் பிற்காலத்தில் ஐந்து நகமுள்ள டிராகன் பேரரசருக்கு உரியது. அதைச் சாதாரணக் குடிமகன் உடுத்தினால் குற்றம். அந்தக் கோலத்தை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தவர் எவரும் எடுத்துக்கொள்ள முடிந்ததே, இதை எப்படி வெறும் பகட்டு என்று சொல்வது?

அரியணைக்குப் பின்னால் இருந்த மரச்செதுக்கலைக் கிட்டே போய்ப் பார்த்தேன். டிராகனின் ஒவ்வொரு செதிலுக்கும் விளிம்பைத் தனியாக இழைத்திருந்தார்கள். மேலே பொன்பூச்சு, செதிலின் அடிமடிப்பில் சிவப்பு. மேஜையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது எட்டவே எட்டாது. எட்டாது என்று தெரிந்தும் செய்த கை அது. சினிமா செட்டில் யாரும் அப்படி உழைப்பதில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னதில் பாதி சரி. அதே காசுக்கு நகருக்குள் இதைவிட நல்ல கடலுணவு கிடைக்கும். ஆனாலும் தொட்டியிலிருந்து உயிரோடு பிடித்த மீனை முழுசாக ஆவியில் வேகவைத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, காய்ந்த எண்ணெயை மேலே ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்களில் மூத்தவரான அத்தை பக்கம் மீனின் தலை இருக்கும்படி தட்டைத் திருப்பி வைத்தார் பரிமாறியவர். சுவை மட்டும் வேண்டும் என்றால் சந்தில் ஒரு கடையே போதும். மூத்தவரை நடுவில் உட்காரவைத்துக் கொண்டாட ஒரு கூடம் வேண்டியிருக்கிறது, அந்தக் கூடம் அழகாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

என் ஆதங்கமெல்லாம் முடிவைப் பற்றித்தான். பெருந்தொற்று தொடங்கியபோது, 2020 மார்ச்சில் மூடியது திறக்கவே இல்லை. அதற்கு முன்பே பல வருடங்களாக நஷ்டம். ஹாங்காங்கின் கேளிக்கைப் பூங்காவான ஓஷன் பூங்காவுக்குக் கொடுக்கப்போவதாக அந்த ஆண்டு அரசு அறிவித்தது, அதுவும் நடக்கவில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் பராமரிப்புச் செலவுக்குப் பயந்து எடுத்து நடத்த ஆள் இல்லை. 2022இல் முதலில் அதன் சமையல் படகு சரிந்தது. ஜூன் 14 அன்று மொத்த உணவகத்தையும் இழுத்துக்கொண்டு துறைமுகத்தை விட்டுப் போனார்கள். ஐந்தாம் நாள், தென்சீனக் கடலில் பாரசெல் தீவுகளுக்கு அருகே கவிழ்ந்துவிட்டது. அந்த இடத்தில் கடலின் ஆழம் 1,000 மீட்டருக்கும் அதிகம் என்றார்கள்.

இதே ஹாங்காங்கில் தெருவிலிருந்து இறக்கிய பழைய நியான் விளம்பரப் பலகைகளை எம் பிளஸ் அருங்காட்சியகம் வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஒரு கடையின் நியான் பலகை கலை என்றால், இத்தனை செதுக்கல்களும் ஓவியங்களும் கொண்ட ஒரு விருந்துக் கூடம் ஏன் கலையாகத் தெரியவில்லை? ‘டூரிஸ்ட் இடம்’ என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால், யாரும் நின்று பார்ப்பதில்லை. உங்கள் கட்டுரையாளரும் அதைத்தான் செய்திருக்கிறார்.

அலங்கார உணவகங்களைப் பற்றி மறுபடி எழுதும்போது, அந்தச் செதுக்கல்காரர்களையும் ஓவியர்களையும் பற்றி ஒரு பக்கமாவது எழுதச் சொல்லுங்கள். இன்னொரு வேண்டுகோள்: ஜம்போவில் சாப்பிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும். அவர்களிடம் உள்ளே எடுத்த படங்கள் இருந்தால் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். ஆட்களுக்குப் பின்னால் தெரிகிற சுவரை வெட்டிவிடாமல் போடுங்கள். என்னிடம் இருக்கும் படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி