பை தோளில் அல்ல, இடுப்பில்

மதுரை

அன்புள்ள செந்திலுக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது. வைகையில் வழக்கம்போல ஆகாயத்தாமரைதான்.

ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறுவதற்காக, அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கை வரை பையோடு நடந்து பார்த்தாயாம். தோள் கடுத்து, இடுப்பில் தோலும் வழன்றுவிட்டது என்கிறாய். தோள் வாரில் பஞ்சு வைத்துத் தைக்கக் கொடுக்காதே, காசுதான் தண்டம்.

தோள் கடுப்பது எடை முழுக்கத் தோளில் தொங்குவதால். பெரும்பங்கு பாரத்தை இடுப்பு எலும்பு வாங்க வேண்டும். இடுப்பில் கையை ஊன்றினால் பக்கவாட்டில் எலும்பு விளிம்பு தட்டுப்படும் இல்லையா? பையின் இடுப்புப் பட்டையில் மெத்தை வைத்த நடுப்பகுதி அந்த விளிம்பின் மேல் உட்கார வேண்டும். பேன்ட் பெல்ட் போல இறக்கிக் கட்டினால் தொடை மடங்கும் இடத்தில் அறுக்கும். ஏற்றிக் கட்டினால் வயிறு அழுந்தி மூச்சு முட்டும்.

மாட்டும் வரிசை முக்கியம். எல்லா வாரையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டு. முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கு. பிறகு தோள் வாரைக் கீழ்நோக்கி இழு. தோளைத் தழுவினால் போதும், அழுத்தக் கூடாது. நெஞ்சு வார் காரை எலும்புக்கு இரண்டு மூன்று விரல் கீழே. தோளுக்கு மேல் பையின் உச்சியோடு சேரும் குட்டி வார் இருந்தால் அதைக் கடைசியில் லேசாக இழு. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். இவ்வளவு செய்தும் பட்டை எலும்புக்கு வரவில்லையென்றால் பையின் முதுகு நீளம் உனக்குச் சேரவில்லை. குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பு விளிம்பு மட்டம் வரை அளந்து அதற்கேற்ற பை வாங்கு. ஆள் உயரத்தை வைத்து வாங்குவதில் பலன் இல்லை.

தோல் வழன்ற கதை வேறு. வியர்வை தோலை ஊறவைக்கிறது, காய்ந்த உப்பு மணல்போல் அறுக்கிறது, ஆடும் பை அதைத் தேய்க்கிறது. நீ போட்டிருந்தது பருத்தி பனியன்தானே? வியர்வையைக் குடித்துக்கொண்டு காயவே காயாது. பாலியஸ்டர் விளையாட்டு டி-சர்ட் போடு. தோளில் தையல் இல்லாததாகப் பார். பேன்ட் பெல்ட், லேபிள், பாக்கெட்டில் போன் எதுவும் பட்டைக்கு அடியில் வேண்டாம்.

பை ஆடாமல் இருக்கத் தண்ணீர், புளியோதரை டப்பா போன்ற கனமான சாமான் முதுகை ஒட்டி நடுவில், போர்வை பையின் அடியில். தூக்குவாளியை வெளியே கட்டித் தொங்க விடாதே, ஒவ்வொரு எட்டுக்கும் பையை அசைக்கும். எடையையும் போட்டுப் பார். ஒருநாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போதும். உன் 70 கிலோவுக்கு 7 கிலோ. தண்ணீரே லிட்டருக்கு ஒரு கிலோ. வீட்டார் எல்லோருடைய சாமானையும் நீயே சுமப்பதாக எழுதியிருந்தாயே, அதுதான் எனக்குக் கவலை.

கிளம்புமுன் உரசும் இடத்தில் வாசலின் தடவு. பவுடர் வேண்டாம், வியர்வையில் கட்டி கட்டியாகி அதுவே உரசும். வழக்கமாக வழலும் இடம் தெரிந்தால் துணி பிளாஸ்டர் ஒட்டு: மூலைகளை வட்டமாக வெட்டி, இழுக்காமல், காய்ந்த தோலில். அங்கே வாசலின் பட்டிருந்தால் ஒட்டாது.

நடக்கும்போது எரிச்சல் தொடங்கினால் அந்த நிமிடமே நில். உப்பைத் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, பிறகு வாசலின். கழுவாமல் தடவினால் உப்பும் தூசியும் அதிலேயே தங்கித் தேய்க்கும். இப்போது வழன்ற தோல் ஆறும்வரை பையைத் தூக்காதே. தோள் வார், பட்டை இரண்டையும் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயப்போடு. பழைய வியர்வை அதில் விறைத்துப்போயிருக்கும்.

தோல் ஆறியதும், பட்டை எலும்பில் உட்காருகிறதா என்று மறுபடி மாட்டிப் பார்த்து எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ராஜா