திறப்பு விழாவுக்கு மட்டும்தான் ஊர் மக்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கோட்டைகளைக் காக்கும் வேலையில் உள்ளூர் மக்களையும் சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? வேலையெல்லாம் முடிந்து ரிப்பன் வெட்டும் நாளில் கூட்டத்துக்கு ஊர் வேண்டும். எந்தச் சுவரை எதைக்கொண்டு பழுதுபார்ப்பது என்று முடிவெடுக்கும் நாளில் ஊர் வேண்டாம்.

நான் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களில் சிமென்ட் பூசிய தலைமுறையைச் சேர்ந்தவன். நானும் பூசியிருக்கிறேன். பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியே விட்டும் விடும். சிமென்ட் அவ்வளவு எளிதில் விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்க்கும். கூடவே வரும் உப்பு கல்லின் முகத்தைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். கடைசியில் பூச்சு நிற்கும், கல் போய்விடும். நாங்கள் வேலை பார்த்த சுவர் ஒன்றைப் பக்கத்தில் குடியிருந்த வயதான கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். சுவரின் மூச்சை அடைத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை தொடங்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஊர் மக்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஜப்பானின் மாட்சுயே கோட்டையைச் சொல்வேன். 1870களில் அங்கே புதிய அரசுக்குக் கோட்டைகள் வேண்டாத சுமை. பலவற்றை இடித்தார்கள், ஏலத்தில் விற்றார்கள். 1875-ல் மாட்சுயேயின் நடுக்கோபுரம் 180 யென்னுக்குக் கைமாற இருந்தது. கட்சுபே என்ற பெருவிவசாயியும் தகாகி என்ற முன்னாள் சாமுராயும் சேர்ந்து அதே தொகையைத் திரட்டி அரசிடம் கொடுத்துக் கோபுரத்தைக் காப்பாற்றினார்கள். கதை அதோடு முடியவில்லை. கோபுரம் 1611 வாக்கில் கட்டி முடிக்கப்பட்டதைக் காட்டும் பிரார்த்தனைப் பலகைகள் வெகுகாலம் காணாமல் போயிருந்தன. 2012-ல் அவை கோட்டை வளாகத்துக் கோயில் ஒன்றிலேயே கிடைத்தன! 2015-ல் கோபுரம் தேசியப் பொக்கிஷமானதற்கு அந்தப் பலகைகள் முக்கியச் சான்று.

பணம் வெளியிலிருந்தும் வரும். பிரான்சில் மோத்-ஷாந்தெனியே என்ற கோட்டை 1932-ல் தீப்பிடித்ததிலிருந்து கைவிடப்பட்டு, உள்ளே மரம் வளர்ந்து கிடந்தது. 2017-ல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 28,000 பேர் இணையம் வழியாக ஆளுக்கு 50 யூரோவும் அதற்கு மேலும் போட்டு அதை வாங்கிவிட்டார்கள். அருமையான காரியம். எனக்கும் ஒரு பங்கு வாங்க ஆசைதான். ஆனால் கடல் தாண்டி இருக்கும் பங்குதாரருக்கு மழை பெய்த இரவில் எந்த மூலை ஒழுகியது என்று தெரியாது. சுவரிடுக்கில் முளைக்கும் செடி விரல் நீளத்தில் இருக்கும்போதே பிடுங்க, தினமும் அந்த வழியாகப் போகிற ஆள்தான் வேண்டும். விட்டுவிட்டால் வேர் பருத்துக் கல்லைப் பிளக்கும், அப்புறம் டெண்டர் விட வேண்டியதுதான்.

மாலி நாட்டின் ஜென்னே நகரில் இருப்பது கோட்டை அல்ல, மண்ணால் கட்டிய பெரிய மசூதி. அங்கே ஆண்டுதோறும் ஊரே கூடி அதற்கு மண் பூசுகிறது. பரம்பரைக் கொத்தனார்கள் மேற்பார்வை பார்க்க, இளைஞர்கள் மண் சுமந்து ஓடுகிறார்கள். அதே ஊரில்தான் 2006-ல், பழுதுபார்ப்புத் திட்டத்துக்காகக் கூரையைச் சோதிக்க ஒரு குழு ஏறியபோது கலவரம் வெடித்தது. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கையால் பூசிவரும் கூரையில் வெளியாட்கள் ஏறிக் கொத்தினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஊர் என்றால் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரிலிருந்து கற்களைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பண்ணை வீடும் தேவாலயமும் கட்டியவர்கள் அக்கம்பக்கத்து மக்களே. ஆனால், தனக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுக்கப்பட்டவனுக்கு அது வெறும் கற்குவியல்தான். வேலி போட்டு, காவலாளி வைத்து, பலகை மாட்டினாலும் அந்த எண்ணம் மாறாது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய ஒப்பந்தம் 1972-ல் வந்தது. அதை நடத்தும் குழு தன் முதன்மை நோக்கங்களில் மக்கள் சமூகத்தையும் ஒன்றாகச் சேர்த்ததோ 2007-ல்தான். உலக அமைப்புக்கே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பழுதுபார்ப்புத் திட்டத்தின் வரைவையும் மதிப்பீட்டையும் வேலை தொடங்கும் முன் ஊர்க் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். புரியாத வார்த்தைகளில் அல்ல, எங்கே இடிப்பீர்கள், எதைப் பூசுவீர்கள் என்று சாதாரணப் பேச்சில். சுண்ணாம்பு வேலை தெரிந்த உள்ளூர்க் கொத்தனார்களுக்குக் கூலியோடு வேலை கொடுங்கள். 'தன்னார்வம்' என்று சொல்லி இலவசமாக உழைப்பு வாங்குவது கெட்ட பழக்கம். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதி ஆண்டுப் பராமரிப்புக்கென்று ஊர்க்குழுவிடம் வரட்டும், கணக்கு கோட்டை வாசலிலேயே ஒட்டப்படட்டும். செடி பிடுங்கவும் வடிகாலில் அடைத்த சருகை அள்ளவும் தலைநகரிலிருந்து உத்தரவு வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்