கருகல் வாடை வந்த விமானம்: காரணத்தை வெளியிட வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

விமானத்தில் கருகல் வாடை வந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது என்று அவ்வப்போது படிக்கிறோம். பயணிகள் பத்திரமாக இறங்கியதோடு செய்தி முடிந்துவிடுகிறது. எந்த வயர் கருகியது, ஏன் கருகியது? மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் எனக்கு அதைத் தெரிந்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

படகில் எஞ்சின் அதிர்வில் வயர் ஏதாவது ஒரு கிளிப்பிலோ தகட்டு விளிம்பிலோ உரசிக்கொண்டே இருக்கும். உறையில் மயிரிழைக் கீறல் விழுந்தால் போதும், உப்புக்காற்று உள்ளே இறங்கிவிடும். வெளியே புது வயர் மாதிரி இருக்கும். சீவிப் பார்த்தால் செம்புக் கம்பி பச்சை பூத்துப் பொடியாக உதிரும். அங்கே விட்டுவிட்டுப் பொறி பறக்கும், ஆனால் ஃபியூஸ் போகாது. அதுதான் ஆபத்து.

1998 செப்டம்பரில் நியூயார்க்கிலிருந்து ஜெனிவாவுக்குக் கிளம்பிய சுவிஸ்ஏர் 111 விமானத்திலும் விமானிகளுக்கு முதலில் தெரிந்தது வாடைதான். மேற்கூரைக்குள் வயரில் பறந்த பொறி, வெப்பத்தடுப்பு விரிப்பின் உறையில் பற்றிப் பரவியது. கனடாக் கடலில் விழுந்து 229 பேரும் இறந்தார்கள். அதில் ஃபியூஸ் வேலையைச் செய்த சர்க்யூட் பிரேக்கர்களால் எல்லா விதப் பொறியையும் தடுக்க முடியாது என்று விசாரணை அறிக்கையே சொன்னது. 1996இல் டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் வெடித்து 230 பேர் இறந்ததற்கும், எரிபொருள் அளவு காட்டும் வயர் வழியாக டேங்குக்குள் அதிக மின்சாரம் போனதே பெரும்பாலும் காரணம் என்று அமெரிக்க விசாரணையாளர்கள் சொன்னார்கள். பழைய விமானங்களில் நிறையப் போட்ட காப்டன் என்ற பிளாஸ்டிக் வயர் உறை எடை குறைவு, சூடு தாங்கும். ஆனால் ஈரத்தில் நாளடைவில் வெடிப்பு விடும். பொறி பட்டால் உறையே கரியாகி மின்சாரத்தைக் கடத்தும்.

இங்கே ஒரு படகில் வயர் கருகினால் எந்த இடம் என்று ஜெட்டியிலேயே சொல்லிவிடுவோம். மற்றவர்களும் அன்று சாயங்காலமே தங்கள் படகில் அதே இடத்தைத் திறந்து பார்ப்பார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பிள்ளைகள் வளைகுடாவுக்கு விமானம் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். பெரிய விபத்துக்கு மட்டும் அறிக்கை வந்தால் போதாது. புகையோ வாடையோ வந்து திரும்பிய ஒவ்வொரு விமானத்துக்கும் எந்த வயர், எத்தனை வருடப் பழசு, எங்கே உரசியது, கடைசியாக எப்போது அந்த இடத்தின் மூடியைத் திறந்து பார்த்தார்கள் என்று, விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. தமிழிலும் வெளியிட வேண்டும். உங்கள் நிருபர்களும் ஒரு மாதம் கழித்து அதே செய்தியைத் திரும்ப விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
விசைப்படகு எலக்ட்ரீசியன்,
மண்டபம்.