48 மணி நேரம் எப்போது வந்தது?

ஆசிரியருக்கு,

வாரம் 48 மணி நேர வேலை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில்தான் வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1934 சட்டப்படி ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் உச்சவரம்பு 54 மணி. பருவகால ஆலைகளில் 60. இதை முறையே 48, 50 எனக் குறைத்தது 1946 திருத்தம். அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை டாக்டர் அம்பேத்கரிடம் இருந்தது; 1942 முதலே அவர்தான் பொறுப்பாளர்.

தொழிலாளர் துறை தனியாகப் பிரிந்ததோ 1937-இல்தான். அதுவரை தொழிலும் தொழிலாளரும் ஒரே துறை. முதலாளி விவகாரமும் கூலிக்காரர் விவகாரமும் ஒரே மேசையில்!

வேலைவாய்ப்பு அலுவலகங்களும் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1945-இல் தொடங்கப்பட்டவையே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்