சூரியன் இல்லாத கோள்களுக்காக அழ வேண்டாம்

பூம்பாறை,
தை மாதம்.

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் பொங்கல் முடிந்து வந்து சேர்ந்தது. முழங்கால் வலிக்கு நான்கு வரி, மருமகளின் புது வேலைக்கு மூன்று வரி ஒதுக்கிவிட்டு, மீதி முழுவதையும் வானத்துக்குக் கொடுத்திருக்கிறாய். பேரன் கைபேசியில் காட்டிய காணொளியால் வந்த வினை. சூரியன் என்று ஒன்று இல்லாமல் இருட்டில் தன்னந்தனியே அலையும் கோள்கள் கோடி கோடியாக இருக்கின்றன என்று கேட்ட பிறகு உறக்கம் பிடிக்கவில்லை, நெஞ்சுக்குள் என்னவோ இறங்கிக்கொண்டே போகிறது, 'இத்தனை பெரிய இருட்டில் அவை எதற்கு, நாம்தான் எதற்கு' என்று எழுதியிருக்கிறாய். வங்கியில் இருந்த காலமெல்லாம் ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குக் கிளம்பாமல் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவள் நீ. காரணம் தெரியாத ஒன்றை உன்னால் அப்படியே விட முடியாது.

முதலில் முழங்கால். அறுவைச் சிகிச்சைக்குப் பயந்து எண்ணெய் தேய்த்தே காலத்தை ஓட்டாதே. கமலா செய்துகொண்டாள். இப்போது மதுரையில் ஆடி வீதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, எனக்குப் போன் செய்து பெருமையடிக்கிறாள். அதற்கு மேல் நான் வைத்தியம் சொல்லவில்லை.

இங்கே இந்த முறை உறைபனி கடுமை. பூண்டு தாங்கிவிட்டது, பீன்ஸ் போயிற்று. உருளைக்கிழங்குச் செடிகள் கறுத்துத் துவண்டு கிடக்கின்றன. தோட்டத்தை இப்போது அண்ணன் மகன்தான் பார்த்துக்கொள்கிறான். மேகம் மூடிய இரவென்றால் நிம்மதியாகப் படுப்பான். வானம் துலங்கி நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால் முகம் மாறிவிடும், சாப்பாட்டில் மனம் போகாது. கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் எந்த வானத்தை அண்ணாந்து பார்த்து வியக்கிறார்களோ, அதே வானம்தான் எங்கள் மேல்மலைக்காரர்களுக்கு நஷ்டம்.

காரணத்தை நாம் கல்லூரியிலேயே படித்தோம், நீ மறந்திருப்பாய். பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் அகச்சிவப்புக் கதிராக மேலே விடுகிறது. மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதியைக் கீழே திருப்பிவிடும். மேகமும் இல்லை, காற்றும் அசையவில்லை, ஈரப்பதமும் குறைவு என்றால் வெப்பம் தடையில்லாமல் வெளியேறிவிடும். ஆளுயரத்தில் வெப்பமானி உறைநிலைக்கு மேலே இரண்டு மூன்று டிகிரி காட்டும்போதே தரையோரத்து இலைகளில் பனி உறைந்திருக்கும். அந்த வெப்பம் போய்ச் சேரும் விண்வெளியின் குளிர் ஏறக்குறைய மைனஸ் 270 டிகிரி. 'எங்கோ இருக்கிற பயங்கரமான வெறுமை' என்று எழுதினாயே, அது எங்கோ இல்லை, ராஜி. தெளிந்த இரவுகளில் எங்கள் பீன்ஸ் பாத்தி வரை வந்துவிட்டுப் போகிறது. விடிந்ததும் கருகிய இலையைத் தொட்டால் அதன் கைவரிசை தெரியும். சிறு வயதிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு அதனோடு ஒரு பழக்கம் வந்துவிட்டது. திருநெல்வேலி வெயிலில் உனக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இனி உன் கோள்களுக்கு வருகிறேன். ஊதா நிறமும் மின்னலுமாக நீ பார்த்ததெல்லாம் ஓவியமாகத்தான் இருக்கும். பெரும்பாலும் வியாழனைவிடப் பல மடங்கு எடையோடு, பிறந்த சூடு இன்னும் ஆறாமல் இருக்கிற சிலவற்றை மட்டும் அகச்சிவப்பில் படம் பிடித்திருக்கிறார்கள். பூமியளவுள்ள சிறியவற்றை ஒருவரும் கண்டதில்லை. கண்டதில்லை என்றால் அவை இருப்பது எப்படித் தெரியும் என்று காணொளியில் சொன்னார்களா? என்னைப் பிடித்து உட்காரவைத்தது அதுதான்.

ஒரு கோள், வெகு தொலைவிலுள்ள ஒரு விண்மீனுக்கும் நமக்கும் நடுவே மிகச் சரியாக நேர்கோட்டில் குறுக்கிடும்போது, அதன் ஈர்ப்பு அந்த விண்மீனின் ஒளியை வளைத்துக் குவிக்கிறது. விண்மீன் சிறிது பிரகாசமாகிப் பழைய நிலைக்குத் திரும்பும். வியாழன் எடைக்கு இது ஒன்றிரண்டு நாள் நீடிக்கும், பூமி எடைக்குச் சில மணி நேரம். சிலி நாட்டு மலையொன்றில் போலந்துக்காரர்கள் ஒரு தொலைநோக்கியை வைத்து, ஓக்ல் என்ற திட்டத்துக்காகக் கோடிக்கணக்கான விண்மீன்களை இரவு இரவாகப் படமெடுத்து வருகிறார்கள். 2016-இல் அவற்றில் ஒன்றின் ஒளி இப்படி ஏறி இறங்கியது. அந்த நிகழ்வின் கால அளவு ஏறக்குறைய 42 நிமிடம் என்று கணக்கிட்டார்கள். பள்ளியில் ஒரு பாடவேளை! செவ்வாய்க்கும் பூமிக்கும் இடைப்பட்ட எடையுள்ள கோளாக இருக்கலாம், அருகே தாய் விண்மீன் எதுவும் தென்படவில்லை என்று 2020-இல் வெளியிட்டார்கள். அந்த நேர்கோடு இனி அமையாது. அந்தக் கோளைப் பற்றி மனிதர்களுக்குக் கிடைத்த செய்தி அவ்வளவுதான். அடுத்த பாடவேளை கிடையாது.

இதைப் படித்த அன்று எனக்கும் உறக்கம் வரவில்லை, ஆனால் உன்னைப் போல் கலங்கி அல்ல. இத்தனை கோடி ஒளிப்புள்ளிகளில் ஒன்று சற்று நேரம் கூடுதலாக மினுங்கியதை விடாமல் பிடித்து, இது கருவியின் கோளாறா, விண்மீனின் சேட்டையா என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, நான்கு வருடம் கழித்து 'இருக்கலாம்' என்று மட்டும் எழுதுகிற பொறுமையை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

எண்ணிக்கை விஷயத்தில் உன் வங்கி மூளையைக் கொஞ்சம் பயன்படுத்து. 2011-இல் ஜப்பான், நியூசிலாந்து ஆய்வாளர்கள் ஒரு சில நிகழ்வுகளை வைத்து, வியாழன் அளவுள்ள தனிக் கோள்கள் விண்மீன்களைப் போல் இரு மடங்கு இருக்கலாம் என்றார்கள். 2017-இல் ஓக்ல் குழு அதைவிடப் பெரிய தரவை அலசி, நான்கு விண்மீனுக்கு ஒன்று தேறினாலே அதிகம் என்று வெட்டியது. 2023-இல் வந்த மதிப்பீடு சிறிய கோள்களையும் சேர்த்து, விண்மீனுக்கு ஏறக்குறைய இருபது வரலாம் என்கிறது, ஏற்ற இறக்கத்துக்கு நிறைய இடம் விட்டு. இப்படி ஏறி இறங்கும் பேரேட்டில் நீ கையெழுத்துப் போட்டிருப்பாயா? அவர்களைக் குறை சொல்லவில்லை, கையில் இருப்பதை வைத்துத்தானே கூட்ட முடியும்? நாசாவின் ரோமன் தொலைநோக்கிக்கு இந்தக் கணக்கெடுப்பும் ஒரு வேலை. தணிக்கை முடியாத தொகைக்காக உறக்கத்தைக் கொடுக்காதே என்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்தது உன் பரிதாபம். 'வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகள்' என்று எழுதியிருந்தாய். துரத்தப்பட்டவை உண்டு என்பது உண்மைதான். கோள்கள் பிறந்து நிலைபெறாத ஆரம்ப காலத்தில் பெரிய கோள்கள் ஒன்றையொன்று நெருங்கினால், ஈர்ப்பின் இழுபறியில் ஒன்று வெளியே வீசப்பட்டுவிடும். நம் சூரியக் குடும்பத்திலேயே வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் போக ஐந்தாவதாக ஒரு பெரிய கோள் இருந்து, வியாழனோடு உரசி வெளியேறியிருக்கலாம் என்று 2011-இல் வானியலாளர் டேவிட் நெஸ்வோர்னி கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொன்னார். இன்றைய கோள்களின் சுற்றுப்பாதைகள் அப்படி வைத்துக்கொண்டால் நன்றாகப் பொருந்துகின்றன.

ஆனால் எல்லாம் அப்படியல்ல. வாயுமேகம் சுருங்கி விண்மீன்கள் பிறக்கிற விதத்திலேயே, விண்மீனாகிற அளவுக்கு எடை சேராமல் தாமாகப் பிறந்தவையும் உண்டு. அவற்றை யாரும் தள்ளிவிடவில்லை. தள்ளிவிடுவதற்கு அங்கே வேறு யாரும் இருந்ததில்லை. அப்படிப் பிறந்ததாகக் கருதப்படும் ஒன்று பச்சோந்தி விண்மீன் கூட்டத்தில், 620 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வியாழனைப் போல் ஐந்திலிருந்து பத்து மடங்கு எடை. தன்னைச் சுற்றியுள்ள வாயுவையும் தூசியையும் அது விநாடிக்கு 600 கோடி டன் வீதம் இழுத்துக்கொண்டிருந்ததை 2025-இல் அறிவித்தார்கள். இவ்வளவு பசியோடு வளர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்பதா?

தனியாக ஒருவர் இருந்தால் யாரோ கைவிட்டிருப்பார்கள் என்று முடிவு கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். பிறந்த ஊரிலேயே இருக்கிறேன், சொந்த வீடு, ஓய்வூதியம் வருகிறது, கூப்பிட்டால் ஓடிவர அண்ணன் மகன் இருக்கிறான். இருந்தும் எதிர்வீட்டுப் பாட்டி இன்றைக்கும் விளக்கு வைக்கிற நேரத்தில் என் வாசலைப் பார்த்து 'தனியாக எப்படித்தான் பொழுது போகிறதோ டீச்சருக்கு' என்று பெருமூச்சு விடுகிறாள். அவளுக்கு நான் ஒருநாளும் மறுமொழி சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன்: அந்தக் கோள்கள் சார்பில் நீ பெருமூச்சு விடாதே.

சூரியன் இல்லையென்றால் வெறும் பனிக்கட்டிதானே என்று கேட்பாய். பெரும்பாலும் அப்படித்தான். பூமியின் உள்ளிருந்து கசியும் வெப்பம் சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சூரியன் தருவதோ சராசரியாக 240 வாட். அந்த உள்வெப்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், காற்று இல்லாத நிலம் மைனஸ் 230 டிகிரிக்கும் கீழே போய்விடும். ஆனால் கலிஃபோர்னியாவின் கோள் ஆய்வாளர் டேவிட் ஸ்டீவன்சன் 1999-இல் ஒரு கணக்குப் போட்டார். பூமியளவுள்ள கோள் ஒன்று பிறக்கும்போதே அடர்ந்த ஹைட்ரஜன் மண்டலத்தைச் சேர்த்துக்கொண்டு வெளியேறியிருந்தால்? அந்தக் குளிரிலும் ஹைட்ரஜன் உறையாது. பெரும் அழுத்தத்தில் அது அகச்சிவப்பைத் தப்பவிடாது. பாறைக்குள் கதிரியக்கத் தனிமங்கள் சிதைந்து வரும் கொஞ்சநஞ்சச் சூட்டிலேயே தரையில் நீர் நீராகவே, கடலாகவே கிடக்கலாம். மேகம் மூடிய இரவில் எங்கள் உருளைக்கிழங்கு பிழைக்கிற அதே கணக்குதான். அண்ணன் மகனிடம் சொன்னேன். 'அப்படியென்றால் அங்கே பனி விழாது' என்றான். அவன் கவலை அவனுக்கு.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கும் குத்துகிறது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அப்படியொரு கடலில் ஏதாவது உயிர் இருந்தால், அவ்வளவு அடர்ந்த மண்டலத்துக்கு அடியில் அதற்கு வானம் என்று ஒன்று தெரியப்போவதில்லை. நட்சத்திரங்கள் இருக்கின்றன என்றே தெரியாது. பயப்படுவதற்குக்கூட வெளியே எதுவும் இல்லாத வாழ்க்கை. அதைவிட, நடுராத்திரியில் உட்கார்ந்து நீ கலங்கியது மேல் என்று தோன்றுகிறது.

'நாம் எவ்வளவு சிறியவர்கள்' என்று கடிதத்தில் பல இடத்தில் எழுதியிருக்கிறாய். சிறியவர்கள்தான், அதற்கென்ன? என்னோடு வேலை பார்த்த ஒரு தலைமையாசிரியர் உனக்கு நினைவிருக்கும், எத்தனையோ முறை உனக்கு எழுதி அழுதிருக்கிறேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அந்த ஒரு நொடியில் நான் ஒன்றுமில்லாமல் போய்விடுவேன். ஆகாயம் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. தூரத்துக்கு யாரையும் மட்டம் தட்டத் தெரியாது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். பள்ளியில் மனம் நொந்த நாட்களில் நான் இரவு வெளியே வந்து நின்றால், அந்தப் பெரிய வெளி எனக்குப் பெரும்பாலும் ஆறுதலாகத்தான் இருந்தது. அதற்கு என்னிடம் எந்தப் புகாரும் இல்லை, என்னைப் பற்றிய எந்த அபிப்பிராயமும் இல்லை. உனக்கும் அப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லவில்லை. வீடு நிறைய ஆட்களோடு வாழ்ந்தவளுக்கு யாரும் இல்லாத இடம் வேறு மாதிரிதான் தெரியும். உன் வீட்டுக்காரர் போன பிறகு வரும் முதல் தை இது. இருட்டைப் பற்றி நீ எழுதியதில் எவ்வளவு வானத்துக்கு, எவ்வளவு அவருக்கு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. நீயும் பார்க்க வேண்டாம்.

கோடை விடுமுறையில் பேரனைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வா. காணொளியில் சூரியன் இல்லாத உலகங்களைப் பார்த்த பிள்ளைக்கு, கொடைக்கானல் ஆய்வகத்தில் சூரியனைக் காட்டிவிடலாம். பஞ்சம் வாட்டிய சென்னை மாகாணத்தில், பருவமழையைப் புரிந்துகொள்ளச் சூரியனை ஆராய வேண்டும் என்று யோசித்து 1899-இல் உருவாக்கிய இடம் அது. நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கரும்புள்ளியில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். மழைக் கணக்கு அவர்கள் நினைத்ததுபோல் கைக்கு வரவில்லை, ஆனால் படமெடுப்பதை நிறுத்தவில்லை. நான் மாணவர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்வேன்.

வேறு செய்தி பெரிதாக இல்லை. போன வாரம் காட்டுமாடு ஒன்று வேலியைச் சாய்த்துவிட்டு கேரட் பாத்தியில் நிதானமாக நின்று மேய்ந்தது. விரட்டுவதற்கு யாருக்கும் தைரியம் வரவில்லை. குழந்தை வேலப்பர் கோயில் தேர் நெருங்குவதால் ஊரில் வெள்ளையடிப்பு நடக்கிறது. சாந்தாவின் மகளுக்கு வரன் அமைந்துவிட்டதாம், உனக்கும் பத்திரிகை வரும், வரவில்லையென்றால் கோபித்துக்கொள்ளாதே, அவளுக்கு உன் புது முகவரி தெரியாது, நான் எழுதி அனுப்புகிறேன்.

வரும்போது வத்தலக்குண்டு வழியாக வருகிற பஸ்ஸில் ஏறு, காலையிலேயே கிளம்பினால் வெளிச்சத்தோடு இங்கே சேர்ந்துவிடலாம். கொஞ்சம் கருப்பட்டி வாங்கி வா, இங்கே கிடைப்பதில் சர்க்கரைப் பாகு கலக்கிறார்கள். பூண்டு உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். மருத்துவரைப் பார்த்த நாளை மட்டும் உடனே எழுது.

உன்,
வள்ளி